கேத்தரின் கிரஹாமின் ‘பெர்சனல் ஹிஸ்டரி’: வாட்டர்கேட்டுக்காக வாங்காதீர்கள்

வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் என்றதும் அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழல், வாட்டர்கேட் என்றதும் அதைத் துப்புத் துலக்கிய இரண்டு இளம் நிருபர்கள். அந்த நினைப்போடு இந்தச் சுயசரிதையை எடுப்பவர்கள், அறுநூறு பக்கங்களைத் தாண்டும் புத்தகத்தில் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் அந்த அத்தியாயத்துக்கு வந்து சேர்வார்கள். அதற்குள் பொறுமை இழந்து மூடிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால் இது செய்தி எழுதியவரின் கதை அல்ல. செய்தி அச்சாக வேண்டுமானால் காகிதம், இயந்திரம், வக்கீல், வங்கி எல்லாம் ஒத்துவர வேண்டும் என்று தெரிந்துகொண்ட ஒரு முதலாளியின் கதை. 1997-இல், எண்பதை நெருங்கும் வயதில் கேத்தரின் கிரஹாம் வெளியிட்ட இந்த நூலுக்கு 1998-இல் வாழ்க்கை வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

படிக்கும் முன் ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்வது நல்லது. அமெரிக்க நாளிதழில் ‘பப்ளிஷர்’ என்பவர் ஆசிரியர் அல்ல. அன்றாடச் செய்திகளை முடிவு செய்பவர் நிர்வாக ஆசிரியர். கிரஹாமின் காலத்தில் பெரும்பாலும் பென் பிராட்லீ. விளம்பரம், அச்சு, விநியோகம், தலையங்கம், செய்தி எல்லாவற்றுக்கும் மேலே நின்று, வழக்கு வந்தால் பதில் சொல்லவேண்டியவர் பப்ளிஷர். இந்த வேறுபாடு மனதில் இல்லாவிட்டால், ‘இந்த அம்மாள் செய்தியே எழுதவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு புகழ்?’ என்று தோன்றிவிடும்.

முதல் நூறு பக்கங்களுக்கு மேல் பெற்றோர் கதை. தந்தை யூஜின் மேயர் பெரும் நிதியாளர். திவாலான போஸ்ட்டை 1933 ஜூன் 1 அன்று ஏலத்தில் 8,25,000 டாலருக்கு வாங்கினார். அதே பத்திரிகைக்கு 1929-இல் அவர் 50 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லியும் அன்று விற்க மறுத்துவிட்டார்கள். தாய் ஆக்னஸ் மேயர் பற்றிய பகுதி கூர்மையானது: பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைத்தது, தாயின் கவனத்தைத் தவிர. ஆனால் விருந்துகளும் பிரமுகர் பெயர்களும் வரிசை கட்டி நிற்கும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடலாம். நண்பர்களை விட்டுவிடக் கூடாதென்ற நாகரிகம் புத்தகம் நெடுகப் பக்கங்களைத் தின்கிறது.

நிற்கவேண்டிய இடம் 1948. மேயர் தம் வாக்குரிமைப் பங்குகளை மகளுக்கும் மருமகன் பில் கிரஹாமுக்கும் பிரித்துக் கொடுக்கிறார். மருமகனுக்கு 3,500, மகளுக்கு 1,500. எந்த ஆணும் மனைவியின் கீழ் வேலை செய்யும் நிலையில் இருக்கக் கூடாது என்பது தந்தை சொன்ன காரணம். அதைவிட அதிர்ச்சி, அது தனக்கும் அன்று நியாயமாகவே பட்டது என்று கிரஹாம் எழுதுவதுதான். பின்னாளில் கிடைத்த அறிவை முன்னாளில் இருந்ததாகக் காட்டும் ஒப்பனை இல்லை. சுயசரிதைகளில் இது அரிது.

பில் திறமைசாலி. 1954-இல் போட்டிப் பத்திரிகையான டைம்ஸ்-ஹெரால்டை 85 லட்சம் டாலருக்கு வாங்கியதும் காலை நேரச் சந்தை போஸ்ட்டின் கைக்கு வந்தது. அதுவரை போஸ்ட் ஆண்டுக்கணக்காக நட்டத்தில் ஓடிய பத்திரிகை. 1961-இல் நியூஸ்வீக் வார இதழும் சேர்ந்தது. அவருக்கு இருந்தது இன்று இருமுனையக் கோளாறு என்று சொல்லப்படும் நோய். 1963 ஆகஸ்ட் 3 அன்று தற்கொலை செய்துகொண்டார். இந்த அத்தியாயங்களில் வேறொரு பெண்ணோடு கணவர் போனதும், பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொள்ள முயன்றதும் எதுவும் மறைக்கப்படவில்லை. அவரை வில்லனாக்கவும் இல்லை. மனம் கனத்துப்போகும், பதிப்பாசிரியருக்கு வெட்ட ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது.

அடுத்து வருவதுதான் இந்த நூலின் உண்மையான சரக்கு. 46 வயதில், நான்கு பிள்ளைகளோடு, இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாமல் ஒருவர் நிறுவனத் தலைவராகிறார். ஊழியர் கிறிஸ்துமஸ் விருந்தில் ஒரு வாழ்த்துச் சொல்லவே வீட்டில் ஒத்திகை பார்க்கும் அளவு பயம். கற்றுக்கொண்ட விதம் ஒழுங்கற்றது: கூட்டங்களில் உட்கார்வது, புரியாததைக் கேட்பது, தவறான ஆளை நியமிப்பது, பிறகு நீக்கத் தயங்குவது. 1973-இல் ஒரு கோடி டாலர் சொச்சத்துக்குப் பங்கு வாங்கி உள்ளே வந்த முதலீட்டாளர் வாரன் பஃபெட், ஆண்டறிக்கைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வரிவரியாக விளக்கியிருக்கிறார். நிறுவனம் தன் பங்குகளைத் தானே சந்தையிலிருந்து திரும்ப வாங்கும் யோசனையும் அவருடையது. முதலில் கிரஹாமுக்கு அது பிடிபடவே இல்லை. நிர்வாகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தப் பகுதியைப் பென்சிலோடு படிக்கலாம்.

1971 ஜூன் வாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு வேண்டும். ஜூன் 13: வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசிய ஆய்வான பென்டகன் ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்குகிறது. ஜூன் 15: நீதிமன்றம் டைம்ஸுக்குத் தடை விதிக்கிறது, அதே நாளில் போஸ்ட் நிறுவனத்தின் ‘பி’ வகைப் பங்குகள் 26 டாலருக்குப் பொதுமக்களிடம் வருகின்றன. கட்டுப்பாடு குடும்பத்தின் ‘ஏ’ வகைப் பங்குகளில் இருந்தது. ஆனால் ஏதேனும் பெரும் பாதகம் நேர்ந்தால் பங்கை ஏற்று விற்பவர்கள் விலகிக்கொள்ளலாம். குற்றவழக்கில் தண்டனை வந்தால் நிறுவனத்தின் தொலைக்காட்சி நிலைய உரிமங்களும் போகலாம். ஜூன் 17 இரவு, வீட்டில் ஒரு பிரிவுபசார விருந்துக்கு நடுவே போஸ்ட்டுக்கும் கிடைத்துவிட்ட அந்த ஆவணங்களைப் பற்றித் தொலைபேசியில் கிரஹாம் ‘வெளியிடுங்கள்’ என்கிறார். ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று பத்திரிகைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ‘தி போஸ்ட்’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்குக் காட்சி தெரியும். பங்குச்சந்தைச் சிக்கல் முழுதாக விளங்குவது இங்கேதான்.

வாட்டர்கேட் பகுதியிலும் பணக்கணக்கே புதிது. ஃப்ளோரிடாவில் நிறுவனத்துக்கு இருந்த இரண்டு தொலைக்காட்சி நிலையங்களின் உரிமத்தை எதிர்த்து மனுக்கள் குவிந்தன. 38 டாலரில் இருந்த பங்கு 16, 17 வரை இறங்கியது. வழக்குச் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. செய்தி சரிதானா என்ற பயத்தை விட, நாம் மட்டும்தான் எழுதுகிறோம் என்ற தனிமையே அதிகம் வாட்டியது போலிருக்கிறது. ஒரு குறிப்பு: நிருபர்களுக்கு ரகசியத் தகவல் தந்த ‘டீப் த்ரோட்’ யாரென்று 2005-இல்தான் வெளிவந்தது, இந்த நூலில் தேடாதீர்கள்.

குறை சொல்லவேண்டிய இடம் 1975 அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அக்டோபர் 1 அதிகாலை அச்சு இயந்திரங்கள் சேதப்படுத்தப்பட்டன, மேற்பார்வையாளர் ஒருவர் தாக்கப்பட்டார். பத்திரிகை ஒரே ஒரு நாள்தான் நின்றது. பக்கங்களைக் கட்டடக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, உதவ முன்வந்த சிறு நாளிதழ்களின் அச்சகங்களுக்கு அனுப்பியதை விவரிக்கும் பக்கங்கள் அபாரம். ஊர்வலத்தில் கணவரின் சாவைக் கேலி செய்த அட்டையையும் எழுதுகிறார். அந்தக் காயம் புரிகிறது. ஆனால் சங்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இயந்திரத்தை உடைத்தவர்கள் அல்ல. வேலை போன பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒதுக்கியிருக்கும் இடம் மிகக் குறைவு. முதலாளி தரப்பு வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டு, தொழிலாளர் தரப்பை வேறிடத்தில் படிக்கவேண்டும்.

பெண் என்ற நிலை பற்றியும் இதே கவனம் தேவை. 1970 மார்ச்சில் நியூஸ்வீக்கின் பெண் ஊழியர்கள் 46 பேர் பாகுபாடு என்று புகார் கொடுத்தபோது எதிர்ப்பக்கம் நின்ற நிறுவனத்தின் தலைமை இவர்தான். விருந்து முடிந்ததும் ஆண்கள் அரசியல் பேச, பெண்கள் வேறு அறைக்குப் போகும் வாஷிங்டன் வழக்கத்தை அவர் ஒருநாள் மறுத்த நிகழ்ச்சி பலருக்குப் பிடிக்கும். ஆனால் அத்தனை வருடம் எழுந்து போயிருக்கிறார் என்பதையும் அவரே சொல்கிறார்.

ஆங்கிலம் எளிது, அகராதி அதிகம் தேவைப்படாது. சிக்கல் பெயர்களில்தான். பத்துப் பக்கம் முன்பு வந்தவர் மறுபடி குடும்பப்பெயரோடு மட்டும் வருவார். அச்சுப் பிரதியென்றால் பின்னாலுள்ள பெயரடைவில் ஒரு அட்டையைச் செருகி வையுங்கள். மின்னூலென்றால் தேடுபொறி போதும். நேரம் குறைவாக இருப்பவர்கள் 1948 பங்குப் பிரிவினையில் தொடங்கி 1976 வரை படித்தால் போதும். மகன் டொனால்டிடம் 1979-இல் பப்ளிஷர் பொறுப்பை ஒப்படைத்ததற்குப் பிந்தைய பக்கங்கள் நிறுவன ஆண்டறிக்கையின் நடைக்கு இறங்கிவிடுகின்றன.