முதுகில் ஏறும் பேட்டரி: லெட்டா, லித்தியமா?

போன தை மாதம் தக்காளிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது டேங்கிலேயே முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர் சோர்ந்துவிட்டது. நாசிலில் விசிறி மாதிரி விரிந்துகொண்டிருந்த தெளிப்பு மெல்ல மெல்லக் குறுகி, கடைசியில் இலை நுனியில் சொட்டத்தான் செய்தது. பேட்டரி வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. புதிதில் ஒரே சார்ஜில் பன்னிரண்டு டேங்க் ஓடிய அதே 12 வோல்ட், 8 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட், அதாவது ஈய-அமில பேட்டரி.

ஒட்டன்சத்திரத்தில் கடைக்காரத் தம்பி, "அண்ணே, இதையே மாத்திக்கிறீங்களா, இல்ல லித்தியம் போட்டுரலாமா?" என்று கேட்டார். லித்தியத்திலும் இரண்டு வகையை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. இன்னொன்று லேப்டாப் பேட்டரிக்குள் இருக்குமே, அந்த 18650 என்ற சின்ன உருளை செல்களை அடுக்கிக் கட்டியது, என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) என்பார்கள். நான் முதலாவதை வாங்கினேன். விலை குறைவு என்று மச்சான் இரண்டாவதை வாங்கினார். அப்பாவின் பழைய ஸ்பிரேயருக்குப் புது லெட் ஒன்று. ஆக, மூன்றும் ஒரே தோட்டத்தில் ஓடுகின்றன. பெட்ரோல் பவர் ஸ்பிரேயரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மரத்துக்கு அடிக்க அது வேண்டும்தான். தக்காளிச் செடிக்கு அந்தச் சத்தமும் புகையும் எதற்கு?

எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை ஏ.எச். என்பதைத்தான். ஏமாறுவதும் அங்கேதான். லெட் பேட்டரியின் மேல் போட்டிருக்கும் 8 ஏ.எச். என்பது 20 மணி நேரக் கணக்கு, 0.4 ஆம்பியர் வீதம் நிதானமாக இழுத்தால்தான் அந்த 8 கிடைக்கும். ஸ்பிரேயர் மோட்டார் இரண்டரை ஆம்பியர் போல இழுக்கிறது. அந்த வேகத்தில் இழுத்தால் ஐந்தரை, மிஞ்சிப்போனால் ஆறு. லித்தியத்துக்கு இந்தச் சேதாரம் மிகக் குறைவு, 6 ஏ.எச். என்றால் ஏறக்குறைய ஆறும் கைக்கு வரும். 16 லிட்டர் டேங்க் காலியாகப் பத்து நிமிடம் ஆகிறது, டேங்குக்கு 0.4 ஏ.எச். சொச்சம் செலவு. எங்கள் பக்கம் ஏக்கருக்குப் பத்து டேங்க். ஆக, புதிதாக இருக்கும்வரை 8 ஏ.எச். லெட்டும் 6 ஏ.எச். லித்தியமும் ஒரு ஏக்கரை முடித்துவிட்டுக் கொஞ்சம் மீதியும் வைக்கும். "லித்தியத்துல ஏ.எச். கம்மியா இருக்கே" என்று தயங்க வேண்டியதில்லை.

வித்தியாசம் தெரிவது இரண்டாம் வருடத்தில். லெட்டை ஒவ்வொரு முறையும் அடிமட்டம் வரை உறிஞ்சினால் 200, 300 சார்ஜில் ஓய்ந்துவிடும். அடித்து முடித்த களைப்பில் சார்ஜ் போடாமல் இரண்டு நாள் விட்டுவிட்டால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து இன்னும் சீக்கிரம். என்னுடையது செத்தது அப்படித்தான், குற்றம் பாதி என் மேல். என்.எம்.சி. 500 சார்ஜுக்கு மேல் தாங்கும். எல்.எஃப்.பி.க்கு 2,000 என்கிறார்கள். வருடத்துக்கு அறுபது நாள் மருந்து அடிக்கும் எனக்கு அந்தக் கணக்குப்படி முப்பது வருடம் வரவேண்டும்! அது நடக்காது. அதற்கு முன்பே டேங்க் கசிந்து மருந்துத் தண்ணீர் இறங்கி வயரோ, உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். போர்டோ (சார்ஜ் எல்லை மீறாமல் வெட்டிவிடும் காவல் சர்க்யூட்) போய்விடும். பேட்டரி உட்காரும் இடமே டேங்குக்கு அடியில்தானே.

எடையைப் பற்றிக் கடையில் பெரிதாகச் சொல்வார்கள். லெட் 2.4 கிலோ, என் எல்.எஃப்.பி. 700 கிராம். ஒன்றே முக்கால் கிலோ குறைகிறது, சரி. ஆனால் முதுகில் 16 லிட்டர் தண்ணீர் இருக்கும்போது அது தெரியவே தெரியாது. எடைக்காக மட்டும் லித்தியத்துக்குப் போவதாக இருந்தால் டேங்கை 14 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம், செலவே இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு. எல்.எஃப்.பி. ஏறக்குறைய கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது. முதல் டேங்கில் எப்படி விரிந்ததோ அப்படியேதான் பத்தாவது டேங்கிலும் விரிகிறது. லெட்டில் அழுத்தம் இறங்க இறங்க நம்மை அறியாமல் நடையைக் குறைத்துவிடுவோம், ஒரு சாலுக்கு அதிகம், இன்னொரு சாலுக்குக் குறைவு என்று மருந்து விழும். மச்சானுடையது மூன்று செல் வரிசை, 11.1 வோல்ட், நிறைந்திருக்கும்போது நன்றாகத்தான் அடிக்கிறது, பாதி தீர்ந்த பிறகு கொஞ்சம் மந்தம். ஆனால் லித்தியம் இரண்டிலும் ஒரு சங்கடம் உண்டு. சார்ஜ் தீர்ந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் பட்டென்று நின்றுவிடும். பாதிச் சாலில், முதுகில் எட்டு லிட்டரோடு. லெட் கிழவன் முனகியாவது காட்டுவான்.

இப்போது சார்ஜர். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். லெட் சார்ஜர் 14.4 வோல்ட் வாக்கில் தள்ளும். நான்கு செல் எல்.எஃப்.பி.க்கு நிறைவு 14.6, அதனால் பழைய சார்ஜரை அவசரத்துக்குச் செருகினாலும் பெரிய பாதகம் இல்லை. மூன்று செல் என்.எம்.சி.க்கு உச்சம் 12.6தான். அதில் லெட் சார்ஜரைப் போட்டால் செல்லுக்கு 4.8 வோல்ட், அது தாங்குவது 4.2. செருகும் முனை இரண்டுக்கும் ஒன்றுபோல இருந்ததால் மச்சான் ஒரு ராத்திரி அப்பாவின் சார்ஜரைச் செருகிவிட்டார். காலையில் பேட்டரியைச் சுற்றியிருந்த நீல உறை ஒரு பக்கம் சுருங்கி, தொட்டால் சுட்டது, இனிப்பாக ஒரு நாற்றம். பி.எம்.எஸ். வெட்டியிருக்க வேண்டும், தாமதமாக வெட்டியதா, வெட்டவே இல்லையா, தெரியாது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் ரூம் அது. அன்றே சார்ஜர்களுக்கு மூன்று நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டேன்.

சூடேறினால் எல்.எஃப்.பி. அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காது. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகக் கட்டுண்டிருப்பதால் தீக்கு அது எளிதில் கிடைக்காது. இந்தப் பொருள் 1997இல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. இந்த வகைச் சேர்மங்களில் அவரோடு 1980களிலேயே வேலை செய்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2019இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் நோபல் உரை ஆற்றியவரும் இவரே. தகரக் கூரைக்கடியில் சித்திரை வெயிலில் கிடக்கும் என் பேட்டரிக்குள் நம்மூர்க்காரர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது என்பதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

வாங்கும்போது மளிகைக்கடைத் தராசு போதும். எல்.எஃப்.பி.யில் வரும் 32700 செல் ஒன்று 140 கிராம், 6 ஏ.எச். பேட்டரிக்கு நான்கு செல். ஆக 550 கிராமுக்குக் கீழே இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 18650 செல் ஒன்று 45 கிராம் போல, வழக்கமாக 2.5 ஏ.எச். பத்து ஏ.எச். என்று எழுதியிருந்தால் உள்ளே மூன்று செல் வரிசை நான்கு, ஆகப் பன்னிரண்டு செல் இருக்க வேண்டும், அரைக் கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். ஆனால் பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய செல்லைத் தராசு காட்டிக்கொடுக்காது. அதற்கு எழுத்தில் வாரண்டி கேட்பதுதான் வழி.

வாரம் ஒருமுறையாவது அடிப்பவர்களுக்கு எல்.எஃப்.பி.தான், விலை இரண்டு மடங்கானாலும். வருடத்துக்கு நாலைந்து நாள் அடிக்கும் வீட்டுக்கு லெட் போதும். மாதம் ஒருமுறை மறக்காமல் சார்ஜ் போட ஆள் இருக்க வேண்டும், எங்கள் அப்பாவைப் போல. என்.எம்.சி.யைத் தலையில் மாட்டும் லைட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

செத்த லெட்டைக் கொடுத்தபோது எடைக்கு 150 ரூபாயைப் புது பேட்டரி விலையில் கழித்தார்கள். மச்சானின் நீல பேட்டரியை எடுத்துப் போனேன். தம்பி மேசைக்கடியில் காலால் ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துக் காட்டினார். செத்த லித்தியம் பேட்டரிகளால் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. "எடுக்க ஆள் வரலண்ணே, அப்படியே கெடக்கு" என்றார்.