விமானப் பயண நேரத்தைக் குறைத்துக் காட்டும் முகவர்: கிருஷ்ணகிரிப் பக்கத்தினர் கவனத்துக்கு

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு செல்லும் பெற்றோருக்கு முகவர் மூலமாக டிக்கெட் எடுப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

லண்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மா கடந்த ஜனவரியில் செல்வதற்காக, கிருஷ்ணகிரியில் ஒரு பயண முகவரை அணுகினோம். அம்மா இருவேளை இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால், நாங்கள் முதலில் கேட்டது கட்டணத்தை அல்ல, பயண நேரத்தைத்தான். "நேரடி விமானம்னா பதினோரு மணி நேரம், துபாய் வழியா போனா பன்னெண்டரை; ஒன்றரை மணி நேரத்துக்காக எதுக்குங்க அவ்வளவு காசு?" என்றவர், தம் கடைத்தாளிலேயே "மொத்தப் பயணம் 12½ மணி" என்று எழுதியும் கொடுத்தார்.

டிக்கெட்டில் பெங்களூருவில் புறப்பாடு அதிகாலை 4.00, லண்டன் சேர்வது மாலை 4.30 என்று இருந்தது. முன்னது இந்திய நேரம், பின்னது பிரிட்டன் நேரம். குளிர்காலத்தில் இரண்டுக்கும் இடையே ஐந்தரை மணி நேர வேறுபாடு உண்டு. ஆக, அம்மா உண்மையில் பயணத்தில் கழித்தது 18 மணி நேரம். அதில் ஆறு மணி நேரத்துக்கும் மேலாகத் துபாய் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகவர் சொன்ன கணக்கை வைத்தே மருத்துவரிடம் ஊசிக்கும் உணவுக்கும் நேரம் குறித்து வாங்கியிருந்தோம். அது துபாயைத் தாண்டுவதற்குள் பொருந்தாமல் போய்விட்டது.

தூரத்தை வைத்துப் பார்த்தாலே அந்தக் கணக்கு நிற்காது. பெங்களூருவிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர், அங்கிருந்து லண்டன் 5,500. மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும், ஏறி இறங்கும் நேரமும் மேற்கு நோக்கிச் செல்கையில் எதிர்ப்படும் காற்றும் சேர்ந்து, பறக்கும் நேரம் மட்டுமே பதினொன்றரை மணியைத் தாண்டிவிடும். இடையில் காத்திருக்க மீதி எங்கே இருக்கிறது?

தெரியாமல் சொல்லிவிட்டார் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அதே தாளில் திரும்பும் பயணத்துக்கு 15 மணி என்று எழுதியிருக்கிறார். லண்டனில் பிற்பகல் 2.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 10.30க்கு வந்து சேரும் அந்தப் பயணம், கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இருபதரை மணி ஆகும். நேர வேறுபாட்டைக் கழித்தால் லாபம் என்ற இடத்தில் சரியாகக் கழிக்கத் தெரிந்தவருக்கு, கூட்ட வேண்டிய இடத்தில் மட்டும் கூட்டத் தெரியாமல் போகுமா? (பெங்களூருவுக்கு 90 கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரத்தில் விமான நிலையம் போய்விடலாம் என்றதும் அவர்தான். நிலையம் இருப்பது நகரத்தைக் கடந்து தேவனஹள்ளியில்.)

கேட்டதற்கு, "டிக்கெட்லயே எல்லாம் போட்டிருக்குங்க" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள் என்பதால், இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே கழித்துப் பாருங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனுடனான வேறுபாடு நான்கரை மணி நேரமாகக் குறையும். முகவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதுபோன்ற தாள் வேறு யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.