கோபி மருந்துக்கடையில் வெட்டிக் கொடுத்த ஆறு மாத்திரை

இந்த முறை ஊர்ப் பயணத்தில் மனசு ஆறாமல் திரும்பியது ஒரே ஒரு விஷயத்துக்காக. கோபிசெட்டிபாளையம் கடைவீதியில் ஒரு மருந்துக்கடை. சொந்தக்காரப் பெரியவர், வலிப்பு என்ற சொல் வாயில் வராமல், வெட்டின அட்டைத் துண்டை மட்டும் நீட்டினார். "இதுல ஆறு குடுங்க தம்பி." துண்டில் மிஞ்சியிருந்தது 500 என்ற எண்ணும் பாதிப் பெயரும். பையன் உள்ளே போய் வேறொரு அட்டையில் ஆறு மாத்திரையை வெட்டிக் கொண்டுவந்தான்.

"இது வேறயாட்ட இருக்குதுங்களே?"

"எல்லாம் ஒண்ணுதானுங்க, கம்பெனிதான் வேற."

ஒண்ணு இல்லை. பெரியவர் வீட்டுப் பையன் சாப்பிடுவது க்ரோனோ 500, மெதுவாகக் கரையும் வலிப்பு மாத்திரை. அதன் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சோடியம் வால்புரோயேட் 333 மி.கி., வால்புரோயிக் அமிலம் 145 மி.கி. என்றுதான் இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் 500க்கு ஈடு. கடையில் கொடுத்தது சாதாரண 500. அதில் சோடியம் வால்புரோயேட் 500 மி.கி. என்றே அச்சடித்திருக்கும். எண்ணை மட்டும் பார்க்கிறவருக்குத் தப்பான மாத்திரைதான் சரியாகத் தெரியும்.

சாதாரண மாத்திரை சீக்கிரம் கரைவதால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, அதே வேகத்தில் இறங்கும். ஏறும்போது கை நடுக்கமும் தூக்கமும் வரும், இறங்கும்போது வலிப்பு வரலாம். ராத்திரி ஒரு வேளை மட்டும் க்ரோனோ எடுக்கிறவருக்கு இந்த மாற்றத்தில் அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் அளவு குறைந்துவிடும். அந்த நேரத்தில் அவர் தறிக்கு முன்னால் நிற்கலாம், வாய்க்காலில் குளித்துக்கொண்டிருக்கலாம். க்ரோனோவைப் பொடித்தோ மென்றோ சாப்பிட்டாலும் இதே கதிதான்.

பிரிட்டனில் 2023 அக்டோபரிலிருந்து வால்புரோயேட் பெட்டியைப் பிரிக்காமல் முழுசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வயிற்றிலிருக்கும் குழந்தையை இந்த மருந்து பாதிக்கும் என்ற எச்சரிக்கைச் சீட்டு பெட்டிக்குள் இருப்பதுதான் காரணம். பெட்டி மேல் நோயாளி பெயரும் எத்தனை வேளை என்பதும் ஒட்டியிருக்கும். இங்கிலாந்தில் தொடர்ந்து வலிப்பு மருந்து எடுப்பவர் அதற்குக் காசும் கொடுக்க வேண்டியதில்லை. இங்கே கத்தரிக்கோல் பட்டதும் முதலில் போவது பெயர், அப்புறம் காலாவதித் தேதி.

கடைப்பையனை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. டாக்டர் சீட்டைக் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது. உள்ளூர்க் கடையில் சீட்டைக் காட்டினால் சேதி சொந்தத்துக்குள் பரவும், நாளைக்கு ஜாதகம் எடுக்கும்போது பேச்சு வரும் என்று பயந்துதான் பெரியவர் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தார். இந்து திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு என்ற சொல்லை 1999இலேயே எடுத்துவிட்டார்கள். நம் திண்ணைகளில் அது இன்னும் இருக்கிறது. சரியான மருந்தைத் தவறாமல் எடுத்தால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு அடங்கும். அந்த 'தவறாமல்' என்பதைத்தான் இந்த ஒளிவுமறைவு கெடுக்கிறது.

லண்டனிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் டாக்டர் சீட்டையும் முழு அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், துணிப்பெட்டியில் போடாதீர்கள். கோடையில் லண்டன் இரவு எட்டு மணி என்பது இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை, அதனால் மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். குண்டம் (தீமிதி) பார்க்க ராத்திரி முழுக்கக் கண்விழிப்பது வேண்டாம், தூக்கம் கெட்டாலே பலருக்கு வலிப்பு வரும். வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வாயில் எதுவும் திணிக்கக் கூடாது. சாவிக்கொத்தும் வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கிறது, பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

கடைசியில் முழு அட்டையின் படத்தைப் போனில் காட்டியதும் கடைக்கார அம்மா கண்ணாடியைப் போட்டு 333, 145 இரண்டையும் வாய்விட்டுப் படித்தார். "இருங்க, ஈரோட்ல சொல்லிடறன்." சாயங்கால வண்டியிலேயே க்ரோனோ வந்தது, வெட்டாத மூன்று அட்டை.