பழைய கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் மெஷினைப் படம் எடுத்து வையுங்கள்

சாவி கொடுக்கும் பழைய சுவர்க்கடிகாரம் வீட்டில் வைத்திருப்பவர்கள், முக்கியமாக நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள், இதை வாசித்துவிட்டு அப்புறம் ரிப்பேருக்குக் கொடுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்த என் கடிகாரம் திரும்பி வந்தபோது, உள்ளே இருந்த ஜெர்மன் மெஷினைக் காணோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள். அதனால் இங்கே பழைய வீடு ஒன்றை இடித்தால் சக்கரக் காசும் வெண்கல உருளியும் தூக்குவிளக்கும் இன்றும் கிடைக்கும். பள்ளிக்கூட நாளில் அந்தச் சக்கரக் காசில்தான் எனக்குப் பழம்பொருள் சேர்க்கும் இந்தப் பைத்தியம் தொடங்கியது. 28½ சக்கரம் சேர்ந்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்று பாட்டி சொல்லித் தந்த கணக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு விளக்கு, பெட்டி, பூட்டு என்று வளர்ந்து, கடிகாரத்தில் வந்து நின்றது. தூசு தட்டி, கெட்டியான பழைய எண்ணெயைக் கழுவி, நின்றுபோன ஒன்றை மறுபடி ஓடவைக்கும் சந்தோஷத்துக்கு ஈடு எனக்கு வேறில்லை.

பறிபோனது யுங்ஹான்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் மெஷின். பின்தகட்டில் எட்டு முனை நட்சத்திரம், நடுவில் ஜே எழுத்து. அதன் அடியில் யாரோ ஒரு பழைய ரிப்பேர்காரர் ஊசியால் 1121 என்று கீறியிருந்தார். திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு அது, அதாவது 1945-46. வேலை பார்த்த வருஷத்தைத் தகட்டில் கீறிவைப்பது அந்தக் காலத்துக் கைகாரர்களின் வழக்கம். நட்சத்திர முத்திரையைவிட அந்தக் கீறல்தான் எனக்குப் பெரிது. இந்தக் கடிகாரம் நம் ஊரில் ஓடியது என்பதற்கு வேறு என்ன சாட்சி?

அதன் மெயின் ஸ்பிரிங் ஒருநாள் அறுந்தது. முறுக்கு ஒரே அடியாக அவிழும்போது பல்சக்கரத்தையும் சேதப்படுத்திவிட்டுப் போகும். மணியடிக்கும் பக்கத்துச் சக்கரத்தில் பல் உடைந்திருந்தது. புதுப் பல் வைத்து வெட்டுவது வீட்டு மேசையில் நடக்கிற வேலை இல்லை. அதற்காகத்தான் கடைக்குப் போனது. மாசக்கணக்கில் இழுத்தடித்து, 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். ரசீதில் "வால் கிளாக் சர்வீஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது.

வீட்டில் மாட்டியதும் சத்தமே காட்டிக்கொடுத்தது. மணியடிக்கும் சுத்தி சுருள் கம்பியில் விழும் அந்தக் கனத்த ஓசை இல்லை, தட்டில் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புது மெஷினில் சாவி போடும் முனைக்கு ஒத்துப்போவதற்காக டயலின் சாவித் துளைகளை அரத்தால் ராவி நீட்டியிருந்தார்கள். பின்பலகையில் பழைய திருகாணித் துளைகள் கறுத்துக் கிடக்க, பக்கத்திலேயே வெளுப்பாகப் புதுத் துளைகள். பின்தகட்டில் முத்திரையும் இல்லை, 1121-உம் இல்லை.

கடையில் போய்க் கேட்டதற்கு, "பழைய மெஷின் தேஞ்சு போச்சு அண்ணாச்சி, அதான் நல்லதா ஒண்ணு போட்டுத் தந்தேன்" என்றார்.

"சரி, பழசு எங்கே?"

"அதெல்லாம் ஆக்கருக்குப் போயாச்சு."

யுங்ஹான்ஸ் மெஷினை யாரும் ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், எடைக்குப் போடமாட்டார்கள். வேறொரு பெட்டிக்குள் ஏற்றி நல்ல விலைக்கு விற்பார்கள். போதாததற்கு, கேட்காமலே பெட்டியைச் சுரண்டி, பளபளவென்று பிளாஸ்டிக் மாதிரி வார்னிஷ் அடித்திருந்தார்கள். பழைய அரக்கு பாலிஷ் என்றால் ஸ்பிரிட் தொட்டு இளக்கிச் சரிசெய்துகொள்ளலாம். இந்த வார்னிஷ் ஸ்பிரிட்டுக்கு அசையாது. எத்தனையோ வருஷம் மரம் தானாக ஏற்றிக்கொண்ட நிறமும் சுரண்டலோடு போய்விட்டது. அதை எந்தக் காசு கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

பாதிப் பணம் திருப்பித் தருகிறேன் என்றார், வாங்கவில்லை. நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். நான் சும்மா சுத்தம் செய்தபோது எடுத்துவைத்த பின்தகட்டுப் படம் இருந்ததால்தான் கடைக்காரரால் மறுத்துப் பேச முடியவில்லை.

ஆகவே கொடுக்கும் முன் டயலைக் கழற்றி மெஷினை இருபுறமும், பின்பலகையின் திருகாணித் துளைகளையும் படம் எடுங்கள். முத்திரையையும் அதில் உள்ள எண்களையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மாற்றுகிற ஒவ்வொரு பழைய பாகமும் கையில் திரும்ப வரவேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். எழுதமாட்டேன் என்கிற கடைக்குக் கடிகாரத்தைக் கொடுக்கவே வேண்டாம். பெட்டி பழசாகவே இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பழைய மெஷின் வாங்குகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நட்சத்திர முத்திரைக்குக் கீழே 1121 என்று கீறிய யுங்ஹான்ஸ் உங்கள் கைக்கு வந்தால், யாரிடம் வாங்கினீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரிவியுங்கள்.