தாடி ஓணானின் தோலுரிப்பு: தெளிப்பானா, ஈரப்பெட்டியா, குளியலா?

நுவரெலியா, ஹட்டன் பக்கங்களில் தாடி ஓணான் வளர்ப்பவர்கள், தோலுரிப்பின் அறிகுறியாக அதன் தோல் வெளுத்து மங்கத் தொடங்கியதுமே, பழைய தோலை இளக்கவெனத் தண்ணீர்த் தெளிப்பானைத் தேடுகிறார்கள். அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த இப்பிராணிக்குக் கூட்டினுள் 30 முதல் 40 வீதம் வரையான ஈரப்பதனே ஏற்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும் நாட்களில் அந்த அளவைப் பேணுவதே பெரும்பாடு. அதற்குமேல் நீரையும் தெளித்தால் கூடு நசநசத்துப்போய், தோற்பூஞ்சைக்கும் சுவாச நோய்க்கும் வழி திறக்கும். ஹோட்டன் சமவெளிக் காட்டில் வாழும் நம் கொம்பு ஓணானுக்கு உகந்த குளிரும் ஈரமும் இதற்குப் பகை. எனவே மலையகத்தில் தெளிப்பானை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

நனைத்த பாசி இட்ட மறைவிடப் பெட்டி ஈரத்தை ஓரிடத்தில் அடக்குவதால் அதைவிட மேல். ஆயினும் குளிரில் பாசி காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். நாள்தோறும் மாற்ற முடியாதவர்கள் அதை வைக்காதிருப்பதே நல்லது.

மூன்றில் நான் தேர்வது, கூட்டுக்கு வெளியே கொடுக்கும் வெதுவெதுப்பான குளியலைத்தான். அதுவும் உடல் முழுவதற்குமாக அல்ல. தோல் துண்டு துண்டாகத் தானே உதிர்ந்துவிடும். கவனிக்க வேண்டியவை விரல்களும் வால் நுனியுமே. அங்கே பழைய தோல் மெல்லிய வளையமாக எஞ்சி, காய்ந்து இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கவனியாமல் விட்டால் நுனி கறுத்து, நாளடைவில் அற்றுப்போகும். தோள் மூழ்காத அளவு நீரில் பத்துப் பதினைந்து நிமிடம், ஆள் அருகிலிருக்க, நிற்கவிட்டு, மென்மையான பல் தூரிகையால் அவ்விடத்தை மெல்ல வருடினால் போதும். வராத தோலை ஒருபோதும் இழுக்கக் கூடாது, அடியிலுள்ள புதுத்தோல் கிழிந்துவிடும். குளியலைக் காலையிலேயே முடித்து, துவாயால் நன்றாகத் துடைத்து, உடனே வெப்ப விளக்கின்கீழ் விட வேண்டும். ஈர உடலோடு மலையகத்து இரவுக்குள் அனுப்புவது ஆபத்து.

எந்த முறையானாலும், கூட்டினுள் வெப்ப விளக்கின்கீழ் அது குளிர்காயும் இடத்தில் 38 முதல் 42 பாகை செல்சியஸ் வெப்பமும் புறஊதா விளக்கும் இல்லாவிட்டால் தோலுரிப்பு சீராக நடக்காது. சன்னலோர வெயில் அதற்கு ஈடாகாது, ஏனெனில் புறஊதா-பி கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. சில குளியல்களுக்குப் பின்னும் வளையம் கழலாவிட்டாலோ, விரல் வீங்கினாலோ, தோலில் மஞ்சள் நிறப் பொருக்கு தென்பட்டாலோ, வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.