51, 57, 58, 72 அரை: ஒரே உடம்புக்கு நாலு இலக்கு எடை

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண் முன்னால் இருப்பது தராசுதான். ரப்பர் ஷீட் கட்டு ஏறும், எண் விழும், நான் எழுதுவேன். போன கார்த்திகையில், கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், நானே அதில் ஏறி நின்றேன். 78 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர், வயது 43, தையல் டேப்பில் வயிறு 96. அடுத்த வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1. சர்க்கரை நோய் என்று சொல்ல 6.5 வேண்டும், 5.7-ஐத் தொட்டாலே அந்தப் பாதையில் கால் வைத்தாயிற்று என்று பொருள்.

குறைக்க வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் சண்டை இல்லை. எதுவரை என்பதில்தான். மைனி (அண்ணி) 51 என்றார்கள். மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை 57 என்றது. கடை முதலாளி விரல் விட்டு 58 என்றார். மார்த்தாண்டத்தில் நான் பார்க்கும் டாக்டர் 72 அரை என்றார். 51-க்கும் 72 அரைக்கும் நடுவே இருபத்தொன்றரை கிலோ. கடையில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் தராசையே மாற்றியிருப்போம்.

முதலில் 51. அது என் கல்யாண எடை. "கெட்டும்போ நீ ஈர்க்குச்சி மாதிரில்லா இருந்த மக்கா" என்று மைனி சொல்வது பொய்யில்லை. அந்தப் பட்டு ஜாக்கெட் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. எடுத்துப் போட்டுப் பார்த்தேன், கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. 51 கிலோ தவறான எடை இல்லை. என் உயரத்துக்கு அது ஆரோக்கியமான வரம்புக்குள்தான் வருகிறது. இதன் பெரிய பலம், இது எந்த அட்டவணையும் கொடுத்ததில்லை, என் உடம்பே ஒரு காலத்தில் இருந்த இடம். பலவீனமும் அதே இடத்தில்தான். அந்த உடம்புக்கு வயது 23. இரண்டு பிரசவம் ஆகவில்லை, பஸ்ஸுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தது, நாள் முழுக்க நாற்காலியில் உட்காரவில்லை.

இந்த எடையை அடைவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அங்கேயே நிற்க என்ன செலவு என்று நான் கணக்குப் போட்டேன், பழக்கதோஷம். 1990-இல் வெளியான மிஃப்லின் சூத்திரப்படி, சும்மா படுத்திருந்தாலே என் உடம்பு 78 கிலோவில் நாளைக்குச் சுமார் 1,390 கலோரி எரிக்கும். 51 கிலோவில் 1,120. நடை, வேலை எல்லாம் சேர்த்தால் வித்தியாசம் 370-ஐ ஒட்டி வரும். கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு மாதம் விட்டால் போதாது, ஆயுள் முழுக்க விட வேண்டும். எடை குறைந்த உடம்பு சிக்கனமாக வேறு ஆகிவிடுவதால், சூத்திரம் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடவே விட வேண்டியிருக்கலாம். கடைசியில் நான் எடுத்த 70 கிலோவுக்கு இதே கணக்கைப் போட்டால் 110 சொச்சம். சாயங்கால டீயோடு ஒரு பழம்பொரியை விட்டால் சரியாகிவிடும். கிழங்கும் சாளைக் குழம்பும் இல்லாத ஆயுளா, பழம்பொரி இல்லாத சாயங்காலமா? எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதலாளி சொன்ன 58-ஐ வேகமாகத் தாண்டிவிடலாம். சென்டிமீட்டர் உயரத்தில் நூறைக் கழிக்கிற கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்காவின் பெயரில் வழங்குகிறது. மனக்கணக்காகச் செய்யலாம் என்பதைத் தவிர இதற்குப் பெரிய பெருமை இல்லை. பெண்கள் என்றால் அதிலும் 15 சதவீதம் கழி என்று இன்னொரு கட்சி உண்டு. அப்போது எனக்கு 49! செல்போனில் வரும் 'ஐடியல் வெயிட்' கணக்குகள் பலவற்றின் பின்னால் 1974-இல் டிவைன் என்பவர் போட்ட சூத்திரம் இருக்கிறது; அது எனக்கு 50 அரை தந்தது. அவர் அதைப் போட்டது மருந்தின் அளவைத் தீர்மானிக்க. அதை எடுத்து நம் சாப்பாட்டுத் தட்டின் மேல் வைத்துவிட்டார்கள்.

57 அப்படித் தள்ளிவிடக்கூடிய எண் இல்லை. அது பிஎம்ஐ கணக்கு: கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. பெல்ஜியத்துக்காரர் கெட்லே 1832-இல் மக்கள்தொகையைப் படிக்கப் போட்ட கணக்கு. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். உலக அளவில் 25-ஐத் தாண்டினால் அதிக எடை. நமக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. எனக்கு இப்போது 31. 23-க்குக் கீழே போக 57 கிலோ.

நமக்கு ஏன் தனி வரம்பு? 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. ஒரே எண், உள்ளே சரக்கு வேறு. ஆகவே 23 என்ற கோட்டை நான் மதிக்கிறேன். ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று அது சரியாகவே சொல்கிறது. 31-இல் நிற்கிற பெண் எங்கே போய் நிற்க முடியும் என்று அதைக் கேட்டால், பாவம், அதற்கு என்ன தெரியும்?

78-லிருந்து 57 என்றால் 27 சதவீத எடை. இந்த மாதிரி எண்ணை மனதில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் ஃபாஸ்டர் குழுவினர் 1997-இல் வெளியிட்டார்கள். உடல் பருமனான 60 பெண்கள். சிகிச்சைக்கு முன்பே, எந்த எடை வந்தால் மகிழ்ச்சி, எது வந்தால் பரவாயில்லை, எது வந்தால் ஏமாற்றம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் சராசரியாக நினைத்த இலக்கு, இருக்கிற எடையில் 32 சதவீதம் குறைவு. 48 வாரத்தில் சராசரியாக 16 கிலோ குறைந்தார்கள். பதினாறு கிலோ! எங்கள் ஊரில் ஒருத்தி அப்படிக் குறைத்தால் சந்தை முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கோ, தாங்களே 'ஏமாற்றம்' என்று எழுதிக் கொடுத்த எடைகூட வரவில்லை.

எனக்கும் அந்த ஏமாற்றம் தெரியும். நாலு வருஷம் முன்பு '90 நாளில் 15 கிலோ' என்று போர்டு வைத்த ஓர் இடத்தில் பணம் கட்டினேன். சோறு கிடையாது, கிழங்கு கிடையாது, தேங்காய் கிடையாது. தேங்காய் இல்லாமல் இந்த மாவட்டத்தில் என்ன கறி வைப்பது என்று எங்க அம்மை கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது, துள்ளிக் குதித்தேன். ரப்பர் கடையில் வேலை பார்க்கிறவள் ஏமாந்திருக்கவே கூடாது. ரப்பர் பால் கொண்டு வருகிறவருக்கு நாங்கள் பாலின் எடைக்கா காசு கொடுக்கிறோம்? டிஆர்சி, அதாவது உலர் ரப்பர் அளவு பார்த்து, அதில் தேறும் உலர்ந்த ரப்பருக்குத்தான். நூறு கிலோ பாலில் முப்பது, முப்பத்தைந்து தேறும், மிச்சம் தண்ணீர். உடம்பும் அப்படித்தான். சோற்றை நிறுத்தினால் முதலில் போவது ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மூன்று கிலோவில் பாதிக்கு மேல் ஈரம். 75-லிருந்து 66 வரை போனேன், முடி கொட்டியது, மறு வருஷம் கிறிஸ்துமஸுக்கு 77.

சரி, 72 அரை. டாக்டர் சொன்னபோது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது, இவ்வளவுதானா என்று. அது இருக்கிற எடையில் 7 சதவீதம். இந்த ஏழு அவர் வாய்க்கு வந்த எண் இல்லை. 2002-இல் அமெரிக்காவில் முடிவு வெளியான சர்க்கரைத் தடுப்பு ஆய்வில், என்னைப் போல எல்லையில் நின்றவர்களுக்கு வைத்த இலக்கே அதுதான், கூடவே வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. சுமார் மூன்று வருஷத்தில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் ஆறு மாதத்தில் ஏழு சதவீதத்தைத் தொட்டவர்கள் பாதிப் பேர்தான். தமிழ்நாட்டுக் கதை இன்னும் சுவாரசியம். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாக மாறவே இல்லை. தராசு அசையாத மாதங்களில் இதை நினைத்துக்கொள்வேன்.

இந்த வழியின் குறை: பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தரை கிலோ குறைந்தும் மைனி கண்டுபிடிக்கவில்லை. ஊர் வாய்க்காகக் குறைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

ஐந்தாவதாக, கிலோவே இல்லாத ஒரு போட்டியாளர் உண்டு: வயிற்றுச் சுற்றளவு. நம் நாட்டுப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் வரம்பு. உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்பது இன்னொரு கணக்கு. எனக்கு 79, இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பாவாடை கட்டும் இடத்தில் அளந்தால் தப்பாக வரும். தையல்காரர் தூக்கிப் போட்ட பழைய டேப் என்றால் அது இழுத்து நீண்டிருக்கும், வயிறு ஒல்லியாகக் காட்டும். நான் ஒரு மாதம் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். யாஜ்னிக் படம் சொல்கிற விஷயத்தைக் கிலோவைவிட நெருக்கமாகப் பிடிப்பது டேப்தான். ஆனால் அது மெதுவாகத்தான் நகரும், வாரா வாரம் பார்த்தால் மனசு விட்டுப்போகும். மாதம் ஒரு முறை போதும்.

ஆக, நான் எடுத்தது 70, பென்சிலில். முதல் படி டாக்டரின் 72 அரை, பிறகு பத்து சதவீதத்தை ஒட்டி 70. அங்கே மூன்று மாதம் ஏறாமல் நின்றால் மட்டும் அடுத்த எண்ணைப் பேசுவது என்று முடிவு. கூடவே டேப். 57 சுவரிலேயே இருக்கட்டும்.

எல்லாருக்கும் இதே தீர்ப்பு இல்லை. பிஎம்ஐ 24-இல் இருக்கிறவருக்குப் பத்து சதவீதம் அதிகம், அவர் டேப்பை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் வந்து சில வருஷமே ஆனவர்களுக்கு 15 கிலோ போன்ற பெரிய இலக்கிலும் அர்த்தம் உண்டு; பிரிட்டனில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் அவ்வளவு குறைத்தவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையே வேண்டாத நிலை வந்தது. ஆனால் அது மருத்துவர் மேற்பார்வையில் நடந்தது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தானாகச் சோற்றை நிறுத்தக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

இப்போது 71.6, வயிறு 89. இரவு கஞ்சியும் பயறும், மத்தியானம் ஒரு கரண்டி சோறு குறைவு, காலை நாற்பது நிமிஷம் நடை. மழை பெய்தால் அதுவும் இல்லை. ஓணம் கழிந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். ஓணச் சாப்பாட்டில் அடைப்பிரதமன் பாயசத்தை விடுவதாக இல்லை, மறுநாள் தராசில் ஏறுவதாகவும் இல்லை. அந்த ஈரம் இறங்க ஒரு வாரம் கொடுத்துவிட்டு, கடையில் ஆள் இல்லாத மத்தியானமாகப் பார்த்து ஏறுவேன்.