பளிங்கு போன்ற தண்ணீரில் பத்தொன்பது மீன்கள் செத்தன

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக உள்ள தெரு ஒன்றில், கடந்த ஏப்ரல் மாதக் கடைசியில் மீன்தொட்டி ஒன்று வாங்கினேன். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஸ்டாண்டு, ஃபில்டர், விளக்கு எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். மாதம் 700 ரூபாய் வீதம் ஆறு மாதப் பராமரிப்புக்கு 4,200 ரூபாயையும் முன்பணமாகக் கட்டினேன். நான்கே மாதத்தில் பத்தொன்பது மீன்கள் செத்துப்போயின. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் அங்கே செய்ததைப் போன்ற பராமரிப்புக்கு நீங்களும் பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

தொட்டியை வைத்த அன்றே, சம்ப்பிலிருந்து மேலே ஏற்றிய தண்ணீரை நிரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் எட்டு ஒரண்டா மீன்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஒரண்டா என்பது தங்கமீன் வகை. அதிகம் தின்று அதிகம் கழிப்பது, குளிர்ச்சியான தண்ணீரை விரும்புவது. சென்னையின் கத்திரி வெயிலில், 31 டிகிரியில் கிடக்கும் 110 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஒரண்டா விடுவதே தாராளம் என்பதை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, புதுத் தொட்டி மீன்களை ஏற்கத் தயாராவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். மீன்களின் கழிவும் அவை தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன; ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு முன் மீன்களை நிறைய விட்டால், அவை தம் கழிவிலேயே வெந்துபோகும்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வால்துடுப்பில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. தினமும் காலையில் எண்ணிப் பார்க்கும் என் மகள், பன்னிரண்டாம் நாள் எண்ணவில்லை, ஒன்றுதான் மிச்சமிருந்தது. கடையில் கேட்டபோது, "தண்ணி ஒத்துக்கல சார், சர்வீஸுக்குப் பையனை அனுப்புறேன்" என்றார்கள்.

அந்தச் சர்வீஸைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். வந்த இளைஞர் சொட்டு விடாமல் தண்ணீரை எல்லாம் பால்கனி வழியே இறக்கினார். கூழாங்கற்களைப் பக்கெட்டில் அலசினார். பிறகு பழுப்பேறி வழுவழுவென்றிருந்த ஸ்பாஞ்சைச் சமையலறைக் குழாயடியில் பிடித்து, "பாருங்கம்மா, எவ்ளோ அழுக்கு" என்று என் அம்மாவிடம் காட்டிக்காட்டி, அது வெள்ளையாகும் வரை பிழிந்தார். அம்மா மெச்சிப்போய் காபி போட்டுக் கொடுத்தார். அந்தப் பழுப்பு வழுவழுப்பில்தான் பாக்டீரியாக்கள் இருந்தன என்பதும், குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொல்லும் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. குளோரினை முறிக்கும் மருந்து எதையும் சேர்க்காமலே புதுத் தண்ணீரை நிரப்பினார். நோய் வராமலிருக்க என்று மெத்திலீன் புளூவையும் ஊற்றினார். தனியே ஒரு பாத்திரத்தில் நோயுற்ற மீனுக்குக் கொடுக்க வேண்டிய அந்த நீல மருந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரில் பட்டால் பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழித்துவிடும். கிளம்பும்போது, லேபிளோ காலாவதித் தேதியோ இல்லாத ஒரு பாட்டிலை "பாக்டீரியா" என்று சொல்லி 350 ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார். முகர்ந்து பார்த்தேன், தண்ணீர் வாசனைகூட இல்லை.

அடுத்த முறை ஆறு மீன்கள் வாங்கினேன், அதற்கடுத்த முறை ஏழு, இரண்டும் அதே கடையில். ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் தொட்டி கண்ணாடிபோல் மின்னியது. ஒரு வாரத்தில் மீன்கள் மிதக்கத் தொடங்கின. மீன் செத்தால் அவர்களுக்கு மறுபடி வியாபாரம் என்பது எனக்கு உறைக்க நான்கு மாதங்கள் பிடித்தன.

ஆகஸ்டில் அதே தெருவில் வேறொரு கடைக்காரரிடம் புலம்பியபோது, அவர் மீன் எதையும் விற்காமல், சொட்டு மருந்தில் சோதிக்கும் டெஸ்ட் கிட் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தார். (அந்தத் தெருவில் நேர்மையாளர்களும் இருக்கிறார்கள்.) எங்கள் தொட்டித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தபோது, மஞ்சளாகவே இருக்க வேண்டிய டெஸ்ட் குழாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சையானது: அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8. பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகும். வெப்பம் அதை இன்னும் கூட்டும். அத்தனை நஞ்சு இருந்த தண்ணீரில் அடிக்கல் வரை தெளிவாகத் தெரிந்தது.

சர்வீஸ் பையனை அன்றோடு நிறுத்தினேன். எஞ்சிய இரண்டு மீன்களுக்குத் தீனியைக் குறைத்து, முதல் சில வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்குத் தண்ணீரை மாற்றினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாற்றும் தண்ணீரை முதல் நாளே பக்கெட்டில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிடுகிறேன். லாரித் தண்ணீர் வந்த வாரத்தில் பி.எச்.-ஐயும் பார்த்துவிடுகிறேன். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மாதமொருமுறை இலேசாக அலசுவதோடு சரி. அது அசிங்கமான பழுப்பாகத்தான் இருக்கிறது. ஆறாவது வாரத்தில் டெஸ்ட் குழாய் முதன்முறையாக மஞ்சளாகவே நின்றது.

வாங்கியதற்கெல்லாம் ஒரு துண்டுச்சீட்டுதான் தந்திருந்தார்கள். முறையான பில் கேட்டு வாங்காதது என் தவறு. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தாலும் கையில் காட்ட ஏதாவது வேண்டுமல்லவா? இருந்தும், மீதமிருந்த இரண்டு மாதங்களுக்கான 1,400 ரூபாயைக் கேட்டு நேரில் போனேன். உரிமையாளர் எழுந்துகூட நிற்காமல், "பணமா திருப்பித் தர்றதில்ல சார். வேணும்னா அதுக்கு மீனா எடுத்துக்கங்க" என்றார்.